வாடிவீடும் வாசனைத் தோட்டமும்

இலங்கைத் தமிழில் 'வாடிவீடு' என்றொரு அழகிய சொல் உண்டு. கடற்கரையில் மீனவர் சில மாதங்களுக்கென அமைக்கும் குடிலை வாடி என்பர். அந்த வாடியோடு வீடும் சேர்ந்து, வழிச் செல்வோர் ஓரிரவு தங்கிச் செல்லும் அரசாங்க விடுதிக்குப் பெயராயிற்றுப் போலும். ஆங்கிலேயர் காலத்தில் நெடுஞ்சாலைகள் தோறும் இத்தகைய வாடிவீடுகள் எழுந்தன. அவை பெரும்பாலும் உத்தியோகத்தர்க்கும் துரைமார்க்குமே பயன்பட்டன. ஏனையோர்க்கு வடக்கிலே மடங்களும், மலைநாட்டிலே நாற்புறமும் திறந்த மண்டபங்களும் இருந்தன. அம்மண்டபங்களைச் சிங்கள மக்கள் 'அம்பலம' என்று வழங்குவர். அது நம் அம்பலமே என்று சொல்ல மொழியறிஞர் துணை வேண்டுவதில்லை.

மடத்திலே தங்கினவன் காசு கொடுக்கவில்லை. வாடிவீட்டிலே தங்கினவன் காசு கொடுத்தான். வீட்டுக்காரர் எவரையும் காணவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது முறையொன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஒரு குடும்பம் தன் வீட்டில் இரண்டொரு அறைகளைப் பயணிகளுக்கு ஒதுக்கி, இரவில் படுக்கையும் காலையில் உணவும் அளித்துக் கூலி பெறுகிறது. அவ்வீடு ஒரு விளைநிலத்தோடு சேர்ந்திருப்பின் அதன் சுவையே வேறு. வந்தவன் உண்பதும் அருந்துவதும் அந்த நிலத்திலேயே விளைந்தவை. காலையில் எழுந்து சன்னலைத் திறந்தால், தட்டிலே வரப்போவது மரத்திலே நிற்கக் காணலாம்.

மேனாடுகளில் இம்முறை பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களோடு பிணைந்து வளர்ந்தது. 1784ஆம் ஆண்டிலே ஒஸ்திரிய நாட்டை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு ஓர் ஆணை பிறப்பித்தார். திராட்சை பயிரிடுவோர் தத்தம் தோட்டத்தில் விளைந்ததையும் தாமே வடித்த மதுவையும் தம் வீட்டிலேயே வைத்து விற்கலாம் என்பது அவ்வாணை. அதன் பின்னர் புது மது ஆயத்தமானதும், உழவன் தன் வாயிலிலே பசுந்தழைக் கொத்தொன்றைக் கட்டித் தொங்கவிடுவான். வழிப்போக்கர் அதனைக் கண்டு உள்ளே செல்வர். சரக்குத் தீர்ந்ததும் கொத்தை அவிழ்த்துவிடுவான். 'புஷன்ஷாங்க்' எனப்படும் இத்தகைய தோட்ட வீடுகள் அந்நாட்டில் இன்றும் உள்ளன. மதுவருந்தியவன் அன்றிரவே வீடு திரும்புதல் அரிதென்பது யாவரும் அறிந்தது. ஆகவே மதுவீட்டுக்குப் பக்கத்திலே படுக்கையறையும் எழுந்தமை வியப்பன்று.

இத்தாலி நாட்டினர் இன்னும் ஒருபடி முன்னே சென்றனர். 1985ஆம் ஆண்டிலே அவர்கள் இயற்றிய சட்டமொன்று, வேளாண்மை செய்வோர் விருந்தினரைத் தங்க வைத்துப் பொருளீட்டலாம் என்று இடமளித்தது. ஆனால் ஒரு நிபந்தனையையும் விதித்தது. வேளாண்மையே முதன்மையாக இருத்தல் வேண்டும். விருந்தோம்பல் அதற்குத் துணைத் தொழிலாகவே அமைய வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த நிபந்தனையிலேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அறைக்காகத் தோட்டமா, தோட்டத்திற்காக அறையா? மாத்தளைக்கு வரும்போது இந்தக் கேள்வி மறுபடியும் எழும்.

இந்தியாவிலே மகாராட்டிரத்து நாசிக் நகரையடுத்து, 1999இல் தொடங்கப்பட்ட சூலா என்னும் மதுத் தோட்டம் விருந்தினர் தங்கும் விடுதிகளையும் அமைத்துப் பெயர் பெற்றுள்ளது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுவதும் பன்னீர்த் திராட்சை பழுக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் அது பெரும்பாலும் பழமாகவே சந்தைக்குச் செல்கிறது. இலங்கையிலே திராட்சைக்கு உகந்தது யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலம். அங்கே தொலகட்டியில் 1928இல் தோன்றிய செபமாலைத் துறவியர் ஆச்சிரமம் திராட்சை இரசத்துக்கும் நெல்லி இரசத்துக்கும் பேர்போனது. அங்கே தயாரிப்போர் துறவிகள். தவமும் உழைப்புமே அவர்கள் வாழ்வு.

மாத்தளை மாவட்டத்திலே திராட்சை இல்லை. மழையும் ஈரமும் மிகுந்த மலைச்சாரல் அக்கொடிக்கு ஆகாது. ஆனால் அங்கே வேறொரு கொடியும் வேறொரு மரமும் உள்ளன. கொடி மிளகு. மரம் கித்துள், தமிழ் நூல்கள் இதனைக் கூந்தற்பனை என்று குறிக்கும். இவ்விரண்டையும் சுற்றிக் கொக்கோ, கராம்பு, சாதிக்காய், ஏலம், கறுவா, கோப்பி, வனிலா எனப் பல பயிர்கள் ஒன்றன் நிழலில் ஒன்றாக வளர்கின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே அமைந்திருப்பது காரணமின்றியன்று.

கண்டியிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் சென்றால் மாத்தளை நகர். 1880ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதையும் இங்கு வந்து சேர்ந்தது. இன்றும் அக்கிளைப் பாதை இவ்விடத்தோடு முடிவுறுகிறது. நகரைக் கடந்ததும் அலுவிகாரை. புத்தர் பிரானின் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே வட்டகாமணி மன்னன் காலத்தில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது மரபு. அங்கிருந்து வடக்கே வீதியின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக உள்ளன. அவற்றுட் சில பெரியவை, பயணிகளுக்கென்றே அமைந்தவை. வீதியை விட்டு உள்ளே இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை என்று கிளைச்சாலைகளிற் சென்றாலோ ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்ற அளவில் குடும்பத் தோட்டங்களைக் காணலாம். இவற்றிலே சில வீடுகள் இன்று விருந்தினரையும் ஏற்கின்றன. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த அதிகாரசபை, இத்தகைய இல்லத் தங்கல்களைப் பதிவு செய்கிறது.

அவ்வாறான வீடொன்றிலே தங்கும் விருந்தினன் காண்பதென்ன?

விடியுமுன்னே கித்துள் மரத்தடியில் ஆளரவம் கேட்கும். ஐம்பதடி உயரத்தையும் தாண்டி வளரும் இம்மரத்தின் பாளையை, அது விரியுமுன்னரே கட்டி, மருந்திட்டுச் சீவுவார்கள். அந்த மருந்து என்ன என்பது தொழிலாளிக்குத் தொழிலாளி வேறுபடும், கேட்டாற் சொல்லமாட்டார். காலையும் மாலையும் ஏறி முட்டியை இறக்குதல் வேண்டும். இறக்கிய நீர் இனிப்பாக இருக்கும். ஆனால் அவ்வினிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உடனே அதிற் குடிபுகுந்து, அதைக் கள்ளாக மாற்றத் தொடங்கிவிடும். கள்ளாகாமற் காப்பதற்கு முட்டியிலே ஹால் மரப்பட்டையோ சுண்ணாம்போ இடுவர். பின்னர் தாமதமின்றி அடுப்பேற்றிக் காய்ச்சுவர். ஏறத்தாழ ஏழெட்டுப் போத்தல் நீர் வற்றி ஒரு போத்தல் பாணியாகும். இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டாற் கருப்பட்டி.

இந்த மரத்தின் வாழ்வே ஒரு விந்தை. முதற்பாளை உச்சியிலே தோன்றும். அடுத்தது அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. இவ்வாறு மேலிருந்து கீழாகப் பூத்து வந்து, கடைசிப் பாளையோடு மரம் பட்டுவிடும். அதற்குள்ளே உள்ள மாவை இடித்தெடுத்துக் கூழ் காய்ச்சுவர். ஏறுபவனின் வாழ்வோ அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. மழைநாளிலே வழுக்கும் மரத்திலிருந்து விழுந்து முடமானவர்களும் மாண்டவர்களும் மலைநாட்டுக் கிராமங்களில் உளர். மகன் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று தந்தையே தடுப்பதும் உண்டு. கடையிலே மலிவாக விற்கும் கித்துள் பாணியிற் பெரும்பகுதி சீனிப்பாகு என்பதை யாவரும் அறிவர். ஏறுகிறவர் குறையக் குறையச் சீனி கூடுவது இயல்புதானே.

நொதித்தல் என்னும் இந்த வித்தைதான் திராட்சை மதுவுக்கும் கித்துட் கள்ளுக்கும் பொதுவானது. ஒஸ்திரியப் பேரரசர் தம் உழவர்க்கு வீட்டு வாயிலிலே விற்க அனுமதி கொடுத்தார் என்று கண்டோம். இலங்கையிலே 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றிக் கள் விற்றல் குற்றம். ஆகவே மாத்தளைத் தோட்ட வீட்டில் விருந்தினனுக்கு முன்னே கள்முட்டி வைக்கப்படுவதில்லை. பாணிக் கிண்ணமே வைக்கப்படும். குடியினாற் குடும்பங்கள் சிதைவதைக் கண்டவர்கள் இதனை நன்றென்பர். அதே வேளையில், ஒரு கிராமத்தான் தன் மரத்து நீரைத் தன் விருந்தினனுக்கு விற்றற்கு அஞ்ச, சீமைச் சாராயம் நட்சத்திர விடுதிகளில் அச்சமின்றி விலைபோவதும் கண்கூடு. இதைப்பற்றிச் சட்டமியற்றுவோர் சிந்திப்பது தகும்.

மது தோட்டத்தில் வேறொரு வகையாகவும் உண்டாகிறது. அதை யாரும் குடிப்பதில்லை. கொக்கோக் காயை உடைத்தால், வெண்ணிறச் சதை போர்த்த விதைகள் நிறைந்திருக்கும். அவ்விதைகளைப் பெட்டியிலிட்டு வாழையிலையால் மூடி, இடையிடையே புரட்டிவிட்டு ஐந்தாறு நாள் வைப்பர். முதலில் சதையிலுள்ள சர்க்கரை மதுவாக மாறும்; பெட்டியைத் திறந்தாற் கள் மணக்கும். பின்னர் அம்மது புளித்துக் காடியாகும். அப்போது எழும் வெப்பம் 45 பாகைக்கு மேலும் ஏறுவதுண்டு. கையை உள்ளே வைத்தாற் சுடும். அச்சூட்டிலும் காடியிலும் விதையின் முளை செத்து, அதற்குள்ளே புதிய மாற்றங்கள் நிகழ்கின்றன. சொக்கிளேற்றின் மணம் இங்கேதான் கருக்கொள்கிறது. நொதிக்காத விதையை எத்தனை வறுத்தாலும் அந்த மணம் வராது. ஐரோப்பாவிலே சொக்கிளேற்றுத் தின்று வளர்ந்தவர் பலர், அது ஒருமுறை கள்ளாகி, காடியாகிக் கடந்து வந்த பண்டம் என்பதை மாத்தளையிலேதான் முதன்முதல் அறிகின்றனர்.

மிளகின் கதை அமைதியானது. சீமைக்கிளுவை மரத்திலே படர்ந்த கொடியில், கதிரின் ஓரிரு மணிகள் சிவந்ததும் முழுக்கதிரையும் கொய்வர். மணிகளை உதிர்த்துக் கொதிநீரில் ஒரு கணம் அமிழ்த்தி எடுத்துப் படங்கிலே பரப்பி மூன்று நான்கு நாள் உலர்த்துவர். பச்சை மிளகு மூன்று கிலோவுக்கு உலர்ந்தது ஒரு கிலோ அளவே தேறும். முற்றப் பழுத்ததை நீரில் ஊறவைத்துத் தோலை அழுகவிட்டுத் தேய்த்தெடுத்தால் வெண்மிளகு. இரண்டும் இருவேறு கொடியின் காய்கள் என்றே நகரத்தவர் பலர் எண்ணியிருக்கின்றனர். வனிலாவின் கதையிலோ ஒரு சிறுவன் வருகிறான். அந்தப் பூவுக்கு இந்நாட்டில் மகரந்தம் சேர்க்கும் தேனீ இல்லை. பூத்த காலையிலேயே ஒரு மெல்லிய குச்சியினாற் கைகொண்டு சேர்த்தல் வேண்டும். இம்முறையை 1841இல் றெயூனியன் தீவிலே கண்டறிந்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அவன் கண்டறிந்த வித்தையாற் செல்வர் ஆனோர் பலர். அவனோ வறுமையில் மாண்டான்.

காலையுணவைப் பற்றிச் சொல்லாதிருத்தல் ஆகாது. அறையின் கூலியிலே பாதி அதற்கன்றோ. பாற்சோறும் கட்டைச் சம்பலும் சில நாள். இடியப்பமும் சொதியும் சில நாள். தேங்காய் றொட்டி எந்நாளும் கிடைக்கும். இறுதியிலே எருமைத் தயிர் மேல் கித்துள் பாணி. வீட்டு அம்மா சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிமாயினும் இந்தப் பட்டியல் பெரிதும் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் சம்பலின் உறைப்பே. கோப்பிக் கொட்டையும் அம்முற்றத்திலேயே உலர்ந்ததாக இருக்கும். வந்த விருந்தினன் ஒரு போத்தல் பாணியும் ஒரு பொதி மிளகும் வாங்கிச் செல்வானாயின், தரகன் கொடுக்கும் விலையினும் மிகுந்த விலை அக்குடும்பத்துக்குக் கிட்டுகிறது. இவ்வீடுகளின் உண்மையான ஊதியம் இதுவே. மிளகு விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது; பறிப்பதோ ஆண்டில் சில மாதங்கள். அறைக் கூலி மற்ற மாதங்களில் அடுப்பெரிய உதவுகிறது.

அதற்கு மறுதலையும் உண்டு. இலங்கைக்கு வந்த பயணிகள் 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்டனர். 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளும் அதன்பின் வந்த பெருந்தொற்றும் அத்தொகையை 2021இலே 2 இலட்சத்துக்கும் குறைவாக்கின. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். 2024இலேதான் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில், கடன்பட்டு அறைகளைக் கட்டித் தோட்டத்தை வெறும் அலங்காரமாக்கிக் கொண்டவர்கள் செய்வதறியாது திகைத்தனர். கொடியைக் கைவிடாதவருக்கு விற்பதற்கு மிளகாவது இருந்தது. இத்தாலியர் விதித்த நிபந்தனையின் பொருள் இப்போது விளங்கும்.

அலங்காரத் தோட்டம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெருவீதியோரத்திலே சில இடங்களில் ஒவ்வொரு செடியிலும் ஒன்றிரண்டு நட்டுப் பெயர்ப்பலகை வைத்திருப்பர். வழிகாட்டி ஒருவர் அழைத்துச் சென்று, இவ்வெண்ணெய் முடி வளர்க்கும், இக்களிம்பு மூட்டு வலி தீர்க்கும் என்று அடுக்கி, இறுதியிலே கடைக்குள் கொண்டு சேர்ப்பார். விலை வெளிக்கடையைப் போலப் பலமடங்கு இருத்தலும் கூடும். பயணியைக் கூட்டிவந்த வாகனச் சாரதிக்கு அதிலே பங்குண்டு. எல்லாத் தோட்டங்களும் இத்தகையன என்று சொல்வது அநியாயம்; நேர்மையாக நடத்துவோரும் உளர். எனினும் விருந்தினன் சில கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுதல் நலம். இம்மிளகு இத்தோட்டத்ததா? இவ்வாண்டு எவ்வளவு விளைந்தது? உலர்த்தும் படங்கு எங்கே? தோட்டமுள்ளவன் மகிழ்ந்து காட்டுவான். மற்றவன் பேச்சை மாற்றுவான்.

மாத்தளையில் விருந்தினர் தங்கும் இடங்களுள் வேறொரு வகையும் உண்டு. அவை பழைய தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களின் துரை பங்களாக்கள். அகன்ற விறாந்தையும் பூந்தோட்டமும் கொண்ட இவற்றுட் சில இன்று விடுதிகளாகியுள்ளன. விறாந்தையில் அமர்ந்து பார்த்தாற் கீழே லயன் வரிசை தெரியும். அங்கே வாழ்வோரின் முன்னோர், மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையில் மலையேறியவர்கள். அக்காலத்திலே அவர்களுக்கு வாடிவீடு இல்லை. வாந்திபேதியும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டு போயின. பிழைத்து வந்தோர் கோப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் கொக்கோவும் தேயிலையும் நட்டனர். நகரின் நடுவே வானளாவ நிற்கும் முத்துமாரியம்மன் கோயிலின் தேர் மாசியிலே உலா வரும்போது, அத்தோட்டங்களெல்லாம் அன்று வீதியில் நிற்கும்.

கிராமத்தவன் தன் வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி விருந்தினரை ஏற்கலாம். லயத்தில் வாழ்பவனோ தன் அறைக்கே உரியவன் அல்லன். அந்த ஒற்றையறையும் அதன் முன்னுள்ள சாய்ப்பும் தோட்டத்துக்கு உரியவை. காணி உறுதி கையில் இல்லாதவனுக்கு வங்கி கடன் கொடாது; விடுதியாகப் பதியவும் வழியில்லை. கொழுந்து பறிக்கவும் மிளகு கொய்யவும் கொக்கோ உடைக்கவும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்கள், பயணிக்கு அவற்றைச் சொல்லிக் காட்டுவதற்கு எல்லோரினும் தகுதியுடையோர். ஆயினும் பங்களாவிலே அவர்கள் பெறும் வேலை பெரும்பாலும் படுக்கை விரிப்பதும் பூங்கன்றுக்கு நீர் விடுவதுமே. அண்மைய ஆண்டுகளில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் சில தோட்டங்களில் எழுந்துள்ளன. உறுதியோடு கூடிய அத்தகைய வீட்டிலே ஒரு மிளகுக்கொடியும் விருந்தினர்க்கென ஓர் அறையும் அமையுமாயின், தேங்காய் றொட்டி சுடத் தெரியாத இல்லம் அங்கே ஒன்றுமில்லை.

மாத்தளைக்குச் செல்ல விரும்பும் நேயர்கள் ஆண்டிறுதி தொடங்கித் தை, மாசி வரையுள்ள காலத்தைத் தேர்வதே நன்று. மிளகு கொய்வதையும் கொக்கோ உடைப்பதையும் ஒருங்கே காணலாம். கண்டியிலிருந்து பஸ் வண்டிகள் அடிக்கடி உண்டு; புகையிரதத்திற் செல்வோர்க்கு நேரம் சற்றுக் கூடினும் காட்சி இனிது. மறுநாள் பயணம் வடக்கு நோக்கியதாயின், நாலந்தாவிலே இறங்கிக் கெடிகேயைப் பார்க்கத் தவறலாகாது. பல்லவர் பாணியில் அமைந்த அந்தக் கற்கோயிலை, போவத்தன்ன நீர்த்தேக்கத்திலே மூழ்கிவிடாதபடி, கல் கல்லாகக் கழற்றி உயர்ந்த இடத்திலே மீண்டும் கட்டியுள்ளனர். இரவு தங்கும் வீட்டுக்கு முன்னறிவித்தல் கொடுத்துச் செல்க. கித்துள் நீர் இறக்குபவர் விருந்தினர் எழும்வரை காத்திருக்கமாட்டார்.